கால எடு, துரை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இந்தக் கால நீட்டி வச்சாத்தான் எனக்கு ஆகும். ஆங், போதும் போதும். ஹெல்மெட்ட என் மடியில வைங்க, ஏன் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வண்டி ரிப்பேரா? நல்லதாப் போச்சு போங்க. இந்த வெயில்ல, இந்த ஜி.எஸ்.டி. ரோட்டுல, ரெண்டு சக்கரத்துல போறதுக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போகலாம்.

பாத்தீங்களா! இப்ப புடிச்சான் பாருங்க பிரேக்கு. நான் அவனுக்கு ரெண்டு நொடி முன்னாடியே புடிச்சுட்டேன். என் கால பாருங்க, தரைய அழுத்திக்கிட்டு இருக்கு. என்ன பண்றது, முப்பத்தொரு வருஷப் பழக்கம். அடுத்தவன் ஓட்டுற வண்டியில உக்காந்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்குது. கூடுவாஞ்சேரில ஏறினேன், இன்னும் வண்டலூர் தாண்டல. அதுக்குள்ள எத்தன தடவ பிரேக் புடிச்சிருக்கேன்னு நினைக்கிறீங்க? இவன் புடிச்சதவிட நான் புடிச்சதுதான் அதிகம்.

எங்க போறேன்னா, குரோம்பேட்டைக்கு. ஒரு சாவியக் குடுத்துட்டு வரணும். இதோ, சட்டைப் பையில இருக்கு. சாவின்னு சொல்றேன், பாத்தா சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். பல்லு கிடையாது, ஓட்டையில விட்டுத் திருப்புறது கிடையாது. சும்மா பையில கிடந்தாப் போதும், வண்டி கிளம்பும். நாலு மாசமா என் வீட்டு அலமாரியில கிடந்துச்சு. இன்னிக்குக் காலைல என் வீட்டுக்காரி, செண்பகம்னு பேரு, இட்லித் தட்டுல சட்னிக்குப் பக்கத்துல இந்தச் சாவிய வச்சுட்டா. "ஏங்க, ஒண்ணு வேலைக்குப் போங்க, இல்ல இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. அடுத்த வீட்டுச் சாவிய நாலு மாசம் வச்சுக்கிறது நல்லா இல்ல"ன்னா. ஆம்பளைக்கு ரோஷம் வருமா வராதா? குடுத்துட்டே வரேன்டின்னு கிளம்பிட்டேன். உள்ளகூடப் போகமாட்டேன். கேட்டுல தபால் பெட்டி இருக்கு. அதுல போட்டுட்டு அப்படியே திரும்பி, எதிர்ச்சாரியில பஸ் ஏறிடுவேன். இருபத்திரெண்டு வருஷம் அந்த வீட்டுல ஓட்டினேன் தம்பி. அவ்வளவுதான், முடிஞ்சுது.

ஏம்ப்பா டிரைவரு, அந்த லாரிக்குப் பின்னாடியே ஏன் நிக்கிற, லெஃப்ட்ல இடம் இருக்குல்ல! கேக்காது அவனுக்கு. சரி விடுங்க.

ஆடிட்டர் சேதுமாதவன்னு பேரு எங்க சாருக்கு. எங்க சாருன்னு இன்னும் வாய் சொல்லுது பாருங்க. மறைமலைநகர்ப் பக்கம் ஏழெட்டு கம்பெனிக்குக் கணக்குப் பாக்கிறார். வாரத்துல நாலு நாள் குரோம்பேட்டையில ஏறினா மறைமலைநகர்ல இறங்குவார். வழியெல்லாம் ஃபைல் படிச்சுக்கிட்டே வருவார். அவங்க வீட்டம்மா, வைதேகி அம்மா, எப்பயாச்சும் கோயிலுக்கு வந்தாங்கன்னா பின்சீட்டுல உக்காந்து பூக் கட்டுவாங்க. ஓடுற வண்டியில பூக் கட்டுறதுன்னா சும்மாவா? ஒரு முடிச்சு தவறாது. அம்மாவே சொல்லுவாங்க, "துரை ஓட்டினா வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு"ன்னு. துரைக்கண்ணு என் பேரு. நான் பிரேக் புடிச்சா டம்ளர்ல இருக்கிற காபி ஆடாது. பெருமைக்குச் சொல்லல, ஆடாது.

அப்படி ஓட்டின மனுஷனுக்குத்தான் தம்பி இந்த அவமானம்.

போன சித்திரைக்கு அப்புறம் ஒரு நாள், "துரை, புது வண்டி வாங்கலாம்னு இருக்கேன், வா பாத்துட்டு வரலாம்"னார். எனக்கு ஒண்ணும் புரியல. பழைய வண்டி கல்லு மாதிரி இருக்கு. நான் துடைச்சு வச்சிருக்கேன், அதுல முகம் பாத்து சவரம் பண்ணலாம். சரி, பெரியவங்க ஆசப்படுறாங்கன்னு போனேன். ஷோரூம்ல டை கட்டின பையன் ஒருத்தன் வந்து கலர் சொல்றான், சீட்டு சொல்றான். எங்க சார் அதயெல்லாம் காதுல வாங்கவே இல்ல. அவர் கேட்டது என்ன தெரியுமா? "இதுல இடது காலுக்கு வேலையே கிடையாதா?" பையன், "கிடையாது சார், கிளட்சே இல்ல"ங்கறான். "சரி, வலது காலுக்கு?" "அதுக்கும் டிராஃபிக்ல வேல இருக்காது சார். அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல் இருக்கு. முன்னாடி போற வண்டியப் பாத்துத் தானாப் போகும், அது நின்னா தானா நிக்கும், மறுபடி தானாக் கிளம்பும்." உடனே எங்க சார் முகத்துல ஒரு சந்தோஷம் பாருங்க. ஒரு டிரைவரப் பக்கத்துல வச்சுக்கிட்டு, டிரைவர் கால்ல வேலையே இல்லாத வண்டி எதுன்னு கேக்கிறார்!

அதோட விட்டாரா? "நீ உக்காந்து பாருப்பா, ஏறி இறங்க வசதியா இருக்கா பாரு"ன்னு என்னயவே உள்ள உக்கார வச்சார். ரெண்டு தடவ ஏறி இறங்கச் சொன்னார். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி நான் ஏறி இறங்குறேன், அவர் என் காலயே பாத்துக்கிட்டு நிக்கிறார். என் செருப்பு பழசா இருந்துச்சு, அதத்தான் பாக்கிறார்னு நினைச்சேன். மறுநாளே புதுச் செருப்பு வாங்கிட்டேன். வண்டி கைக்கு வர ஆனி கடைசி ஆயிடுச்சு.

நகருது நகருது... இல்ல, நின்னுடுச்சு. ஒரு ஆள் நீளம்கூட நகரல. இதுதாங்க எனக்குத் தாங்காது.

அந்தக் குரூசு இருக்கே, இந்த மாதிரி ரோட்டுக்கு அது வந்து என்ன பண்ணுச்சு கேளுங்க. ஸ்டியரிங்ல ஒரு பொத்தான். அழுத்தினா முன்னாடி கண்ணாடிக்குக் கீழ பச்சையா ஒரு விளக்கு எரியும். அப்புறம் அதுதான் டிரைவர், நான் சும்மா ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற பொம்ம. முன்னாடி வண்டிக்கும் நமக்கும் நடுவுல இடம் விடும். எவ்வளவு? எவ்வளவு கம்மியா வச்சாலும் ஒரு ஆட்டோ நீளத்துக்கு விடும். பெருங்களத்தூர்ல ஒரு ஆட்டோ நீளம் இடம் விட்டா ஆட்டோ வராம அம்பாரியா வரும்? ஷேர் ஆட்டோக்காரன் பூந்துடுவான். உடனே இது பயந்து பிரேக் புடிக்கும். அவனுக்கும் நடுவுல மறுபடி இடம் விடும். அதுல ஒரு ஸ்கூட்டிப் பொண்ணு. அப்புறம் ஒரு தண்ணி வண்டி. எல்லாருக்கும் வாங்க வாங்கன்னு வழி விட்டுக்கிட்டு, நாங்க முன்னாடி போறோமா பின்னாடி போறோமான்னே தெரியாது. எனக்கு மானம் போகும். நான் சாரைக் கண்ணாடியில பாப்பேன். அவர் ஃபைல்லேர்ந்து தலையே நிமிராம, "போகட்டுமே துரை, அவங்களுக்கு அவசரம்"பார்.

இன்னொண்ணு கேளுங்க. மூணு நொடிக்கு மேல நின்னுட்டா அது தூங்கிடும். முன்னாடி வண்டி போயிடும், பின்னாடி இருக்கிறவன் ஹாரன்ல ஏறி உக்காருவான், இது அசையாது. நாம ஒரு தட்டு தட்டி எழுப்பணும். எழுப்பினா, எனக்கென்னன்னு கிளம்பும். இப்படி ஒரு டிரைவர் எங்கயாச்சும் வேலைக்குச் சேர்ந்தா ஒரு நாள் வச்சிருப்பாங்களா? சொல்லுங்க!

என்னால கால சும்மா வச்சுக்கிட்டு இருக்க முடியாது. என்னையறியாம பிரேக்கத் தொட்டுடுவேன். தொட்டா அதுக்குக் கோவம் வந்து அணைஞ்சுடும். பச்ச விளக்கு போயிடும். எங்க சார் பின்னாடி உக்காந்துக்கிட்டு அந்த விளக்கத்தான் பாத்துக்கிட்டு இருப்பார் போல. "துரை, பச்சையக் காணோமே. கால எடு"ம்பார். மறுபடி பொத்தான அழுத்துவேன். வண்டலூர்ல ஒரு தடவ, ஊரப்பாக்கத்துல ஒரு தடவ, "கால எடு துரை." வீட்டுக்குப் போற வரைக்கும், "கால எடு, கால எடு." ஒரு டிரைவரப் பாத்து இதவிட ஒரு வார்த்த சொல்ல முடியுமா தம்பி? இத்தன வருஷத்துல என் பிரேக்கப் பத்தி ஒரு குறை சொன்னது கிடையாது அந்த மனுஷன்.

ஒரே ஒரு தடவதான், பழைய வண்டியில. போன வருஷம் தை மாசம் இருக்கும். இரும்புலியூர்கிட்ட முன்னாடி வண்டி நின்னுச்சு, என் வலது முட்டி சட்டுனு புடிச்சுக்கிச்சு. கால் அரை நொடி லேட்டா வந்துச்சு. சார் மடியில இருந்த ஃபைலெல்லாம் கீழ கொட்டிடுச்சு. "என்ன துரை?"ன்னார். "ஒண்ணுமில்ல சார், கால்ல எறும்பு கடிச்சிருச்சு"ன்னேன். நம்பிட்டார்! பாவம், கணக்குல புலி, மத்ததுல பச்சக் குழந்த. அதுக்கப்புறம் பத்து நாளைக்கு ஒரு தடவ, வண்டியிலேர்ந்து இறங்கும்போது, "துரை, எறும்பு எப்படி இருக்கு?"ன்னு கேப்பார். "இல்ல சார், மருந்து அடிச்சுட்டேன் சார்"னு சொல்லுவேன். தலைய ஆட்டிக்கிட்டுப் போயிடுவார். மூணு மாசம் விடாம கேட்டார் தம்பி, அவ்வளவு வெள்ளந்தி.

முட்டியா? அது ஒண்ணும் இல்ல. அப்பப்பப் புடிக்கும், விட்டுடும். யாருக்கு இல்ல? வெளில சொன்னா என்ன ஆகும்? ஓட்டுற காலு போச்சுன்னா டிரைவர் போயிட்டான்னு அர்த்தம். அம்பத்தெட்டு வயசுல என்னய எவன் வேலைக்கு வைப்பான்? அதனால செண்பகத்துக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி எண்ணெ தேச்சு விடுவா, அவகிட்ட மறைக்க முடியாதுல்ல. அவகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன், வெளில மூச்சு விடக் கூடாதுன்னு. அவளும் விடல. சித்திரையில கூழ் வடாம் போட்டு, ஒரு டப்பாவுல கொண்டுபோய் வைதேகி அம்மாகிட்டக் குடுத்துட்டு வந்தா. வரும்போது கண்ணு சிவந்திருந்துச்சு. என்னடின்னா, வெங்காயம் உரிச்சுக் குடுத்தேன்னா. அடுத்த வீட்டுல போயி இவ எதுக்கு வெங்காயம் உரிக்கிறா! அவ அப்படித்தான், போற எடத்துல எல்லாம் வேல செய்வா. அது ஆகி பதினஞ்சு நாள்லதான் இந்த ஷோரூம் கூத்து.

ஆனா ஒண்ணு, புது வண்டி வந்த மூணு மாசமும் முட்டி வலி இல்ல. அது செண்பகம் மாத்தின எண்ணெய், நல்ல எண்ணெய்.

அப்பாடா, கிளம்பிட்டான். செகண்ட் கியர்லயே இழுக்கிறான் பாருங்க, வண்டி எப்படிக் கதறுது. தம்பி, நீங்க இறங்கறது எங்க? பல்லாவரமா? அப்ப நான் உங்களுக்கு முன்னாடியே இறங்கிடுவேன்.

சொல்ல வந்தது அதில்ல. ஆயுத பூஜை. அதுலதான் எல்லாம் ஆச்சு.

வருஷா வருஷம் வண்டிக்குப் பூஜை நான்தான் போடுவேன். அந்த வீட்டுல அது என் உரிம. முதல் நாளே கழுவி, ரெண்டு பக்கமும் வாழக்கன்னு கட்டி, சாமந்தி மால போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு. இந்தத் தடவ சந்தனத்த நல்லாக் குழைச்சேன். வண்டி முன்னாடி நடுவுல கம்பெனி முத்திர வட்டமா இருக்குமில்ல, அது முழுக்க சந்தனம் பூசி, நடுவுல குங்குமம். மேல முன்கண்ணாடியில நடுவால பட்டையா விபூதி. பாத்தா அம்மன் மாதிரி இருந்துச்சு வண்டி. வைதேகி அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அந்த முத்திரைக்குப் பின்னாடிதான் அதோட கண்ணு இருக்கு. ரேடாரோ என்னமோ சொன்னான் அந்த டை கட்டின பையன். மேல கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா. வண்டி எடுக்க வந்த அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னான். "இங்க எதுவும் ஒட்டாதீங்க, எதுவும் தடவாதீங்க, பொட்டு வைக்கணும்னா பானட்டுல வைங்க அண்ணே"ன்னு. சொன்னான்தான். ஆனா பூஜைன்னு வந்தப்புறம் அதெல்லாம் ஞாபகம் இருக்குமா? சாமி காரியத்துல கை பாட்டுக்குப் போகும். மறந்துட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. சாரும் அம்மாவும் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினாங்க. பூஜை போட்ட வண்டி, மாலையக் கழட்டல, சந்தனத்தத் துடைக்கல. பொத்தான அழுத்துறேன், பச்ச வரல. மஞ்சளா இங்கிலீஷ்ல என்னமோ எழுதுது. சார் எட்டிப் பாத்து, "என்ன துரை, வேல செய்யலயா?"ன்னார். நான் சொன்னேன், "ஆயுத பூஜைக்கு எல்லா ஆயுதமும் ஓய்வுல இருக்கு சார், அதுவும் ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்"னு. சார் விழுந்து விழுந்து சிரிச்சார். அம்மாவும் சிரிச்சாங்க. எனக்கு அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மூணு மாசத்துக்கப்புறம் வண்டி என் காலுக்குள்ள வந்துச்சு. போகும்போது வெண்ணெ மாதிரி ஓட்டினேன். ஒரு ஆட்டோக்காரன உள்ள விடல. அம்மா பூக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

திரும்பி வரும்போதுதான். லீவு முடிஞ்சு ஊர்லேர்ந்து திரும்புற கூட்டம் பூரா ரோட்டுல. கூடுவாஞ்சேரிலேர்ந்து இதே மாதிரி, ஒரு அடி போ, நில்லு, ஒரு அடி போ, நில்லு. ஒண்ணர மணி நேரம். கால் பிரேக்குல, பிரேக்குலேர்ந்து ஆக்சிலேட்டருக்கு, மறுபடி பிரேக்குக்கு. முட்டிக்குள்ள யாரோ ஆணி வச்சு அடிக்கிற மாதிரி. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சார் கேக்கிறார், "துரை, ஓரமா நிறுத்திட்டு ஒரு டீ குடிப்பமா?" "வேணாம் சார், போயிடலாம்." கொஞ்சம் கழிச்சு, "துரை, எறும்பு ஏதாச்சும்...?" "இல்ல சார்!" கொஞ்சம் வேகமாவே சொல்லிட்டேன்.

இதோ, இந்த இடம்தான் தம்பி. அந்த மேம்பாலம் தெரியுது பாருங்க, அதுக்கு நூறடி முன்னாடி. ரோடு கொஞ்சம் விட்டுச்சு. ஒரு அழுத்து அழுத்தினேன். முன்னாடி தண்ணி கேன் ஏத்தின டெம்போ. அவன் சட்டுனு நிறுத்திட்டான். கால எடுத்து பிரேக்குல வைக்கணும். எடுக்கிறேன், கால் வரல. கையால தூக்கி வைக்கலாம்னுகூட நினைச்சேன், அதுக்குள்ள டமார்னு போயி இடிச்சுட்டோம். தண்ணி கேனெல்லாம் ரோட்டுல உருளுது. ஒண்ணு உடைஞ்சு கண்ணாடியில வந்து அடிக்குது. பின்னாடி திரும்பிப் பாத்தா அம்மா நெத்தியப் புடிச்சுக்கிட்டு இருக்காங்க. மூக்குக் கண்ணாடி ரெண்டா உடைஞ்சு, விரலுக்கு நடுவுல ரத்தம். மடியில பாதி கட்டின பூ.

கூட்டம் கூடிடுச்சு. நான் இறங்கி நின்னு கத்துறேன். "வண்டி நிக்கலைங்க! தானா நிக்கும்னு சொல்லித்தான் வித்தாங்க, நிக்கல! மிஷினு கைவிட்டுருச்சுங்க!" எல்லாரும், ஆமாமா, இந்தக் காலத்து வண்டியே இப்படித்தான்னு தலைய ஆட்டுறாங்க. ஒருத்தன் போட்டோ எடுக்கிறான். எங்க சார் அம்மாவ ஓரமா உக்கார வச்சுட்டு, மெதுவா வண்டிக்கு முன்னாடி வந்தார். குனிஞ்சு பாத்தார். பையிலேர்ந்து கைக்குட்டைய எடுத்தார். அந்த முத்திர மேல இருந்த சந்தனத்தத் துடைச்சார். காஞ்சு போயிருந்துச்சு, நகத்தால சுரண்டிச் சுரண்டித் துடைச்சார். கைக்குட்டைய நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டார். என்னய ஒரு தடவ பாத்தார். அவ்வளவுதான். டெம்போக்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டார். யாரு? அவர்! நான் கத்திக்கிட்டு நிக்கிறேன், அவர் மன்னிப்புக் கேக்கிறார்.

அம்மாவுக்குப் புருவத்துக்கு மேல ரெண்டு தையல். ஆஸ்பத்திரிலேர்ந்து ஆட்டோவுல கூட்டிட்டு வந்து வீட்டுல இறக்கி விடும்போது சார், "காலைல வா துரை, பேசிக்கலாம்"னார்.

நான் போகல.

ஏன் போகணும்? திட்டியிருந்தா போயிருப்பேன். நாலு அறை விட்டிருந்தாக்கூட போயிருப்பேன். ஒண்ணும் சொல்லாம துடைச்சா என்ன அர்த்தம்? ரெண்டு தடவ போன் பண்ணார், எடுக்கல. அப்புறம் அம்மா பண்ணாங்க, செண்பகம் எடுத்து என் காதுல வச்சுட்டா. "துரை, காயம் ஆறிடுச்சுப்பா, தழும்புகூடத் தெரியல"ன்னாங்க. பாருங்க, எப்படிக் குத்திக் காட்டுறாங்கன்னு! நான் பட்டுனு போன வச்சுட்டேன். இப்ப அங்கங்க கூப்பிட்டா போயி ஓட்டுறேன். போன வாரம் திண்டிவனம், பழைய கிளட்சு வண்டி. வந்து ரெண்டு நாள் படியே இறங்க முடியல. அது வேற விஷயம்.

அவங்க வேற டிரைவர் வைக்கல, அதயும் சொல்லிடறேன். தெருமுனையில இஸ்திரி போடுறவரு சொன்னாரு. வண்டிய சரி பண்ணி, கவர் போட்டு நிறுத்தி வச்சிருக்காங்களாம். நாலு மாசமா சார் ஆட்டோவுல மறைமலைநகர் போறாராம். எழுபது வயசு மனுஷன், அந்தத் தூரம், ஆட்டோவுல! கஞ்சத்தனம்னு நினைக்கிறேன். இல்ல, அந்த மிஷின் மேல அவ்வளவு பிரியம், வேற யாரும் தொடக்கூடாதுன்னு.

என்ன கேட்டீங்க?

சார் ஓட்டலாமேவா? அவருக்கு எங்க தம்பி ஓட்டத் தெரியும்! சைக்கிளே தெரியாது. லைசென்ஸே கிடையாது அவருக்கு. அம்மாவுக்கும் தெரியாது. மகன் ஆஸ்திரேலியாவுல. அந்த வண்டி ஓட்டுற சீட்டுல நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன், வேற...

என்ன பாக்கிறீங்க?

இல்ல, நீங்க என்ன சொல்ல வரீங்கன்னு தெரியுது. சும்மா இருங்க தம்பி. ரெண்டு காலுக்கும் வேல இல்லாத வண்டி... அதுக்கு அவர் எதுக்கு... பின்சீட்டுல உக்காந்து ஃபைல் படிக்கிறவருக்கு அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

நிறுத்துங்க. கொஞ்சம் இருங்க.

செண்பகம். வடாம் டப்பா. வெங்காயமாம் வெங்காயம்! சத்தியம் பண்ணிக் குடுத்தவ, நேராப் போயி அம்மாகிட்ட அழுதிருக்கா. அம்மா சார்கிட்ட சொல்லியிருக்காங்க. இருக்கட்டும், வீட்டுக்குப் போயி வச்சுக்கிறேன் அவள. ரெண்டு தடவ ஏறி இறங்கச் சொன்னாரே தம்பி. என் செருப்பப் பாக்கிறார்னு நான் புதுசு வாங்கினேனே. எறும்பு, எறும்புன்னு மூணு மாசம் கேட்டாரே. நான் என்னமோ அவர ஏமாத்திட்ட மாதிரி சிரிச்சுக்கிட்டேன். வேலைய விட்டு அனுப்பியிருந்தா ஒரு நிமிஷம். அனுப்பாம இருக்கிறதுக்கு ஒரு வண்டி வாங்கியிருக்கார். நான் அதோட கண்ணையே மூடிட்டேன்.

மறக்கல தம்பி.

அதான், சந்தனம். மறக்கல. பூசும்போது அந்தப் பையன் சொன்னது காதுல கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. ஒரு கோட்டோட நிறுத்தியிருக்கலாம். விளிம்பு வரைக்கும் வழிச்சு, ஒரு இடுக்கு விடாம பூசினேன். விபூதியும் அந்தக் கேமராவுக்கு நேரா பாத்துத்தான் இழுத்தேன். ஒரு நாளைக்காச்சும் கண்ணு தெரியாம கிடக்கட்டும், யாரு டிரைவர்னு பாத்துக்கலாம்னு. அது சாருக்குத் தெரியும். துடைக்கும்போதே தெரியும். அத்தன பேரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தார்னா என்ன ஆயிருப்பேன் நான்? அம்மா நெத்தியில ரத்தம். அந்த அம்மா போன் பண்ணி, தழும்பு தெரியலன்னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. நான் போன வச்சுட்டேன்.

வெக்கமா இருக்கு தம்பி. நீங்க யாருன்னே தெரியாது, உங்ககிட்ட சொல்றேன்.

எந்த ஸ்டாப்பு இது? குரோம்பேட்டையா? வந்துடுச்சா அதுக்குள்ள? ஏம்ப்பா கண்டக்டரு, ஒரு நிமிஷம், ஆள் இறங்கணும்! இந்தாங்க உங்க ஹெல்மெட்டு. சாவி... இருக்கு, பையிலதான் இருக்கு. தபால் பெட்டியில போட முடியாதுங்க இத. மணி அடிக்கணும். அடிச்சா அவர்தான் வந்து கதவத் திறப்பார், இந்நேரத்துக்கு அம்மா பூஜையில இருப்பாங்க. திறந்ததும் என் கால ஒரு பார்வ பாப்பார். பாத்துட்டு, அதே கேள்விதான் கேப்பார். என்ன பதில் சொல்றது அவருக்கு?

இருப்பா, இருப்பா, விசில் அடிக்காத! இறங்கிட்டுதான இருக்கேன்!

என்ன தம்பி? இல்ல இல்ல, ஒண்ணும் ஆகல. ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்ல, எந்திரிக்க வரல. ஒண்ணுமில்ல, கால்ல ஒரு எறும்...

முட்டி தம்பி. முட்டி புடிச்சுக்கிச்சு. ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு. கொஞ்சம் தோளக் குடுங்க.